இறகா, இரும்புக் கம்பியா?

பறவைப் படங்களில் அளவுக்கு மிஞ்சிய கூர்மையைத் தணிக்கும் முறை – ஒரு செய்முறைப் பாடம்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை)



ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஹாஸ்டலில் பாதிப் பேர் கேமராவோடு கிளம்பிவிடுகிறார்கள். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், இல்லையென்றால் ஊர்ப்பக்கத்து ஏரிக்கரை. சொந்தக் கேமரா, இரவல் லென்ஸ், செல்ஃபோன் எதுவானாலும் சரி, பறவை கிடைத்தால் போதும். ராத்திரி திரும்பியதும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஷார்ப்னஸ் ஸ்லைடரை வலது பக்கம் தள்ளு தள்ளென்று தள்ளுகிறார்கள். "மச்சி, ஒவ்வொரு இறகையும் எண்ணிடலாம் போல இருக்கேடா!" என்று பக்கத்து ரூமிலிருந்து பாராட்டு வேறு.

எண்ணக்கூடியது இறகுதானா? கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். சிட்டுக்குருவியின் மார்பு பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் மாதிரி இருக்கிறது. உடம்பைச் சுற்றிச் சாக்பீஸால் வரைந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. வானத்தில் மணலை வாரி இறைத்தாற்போல் சொரசொரப்பு. இது கூர்மை அல்ல, கூர்மை என்ற பெயரில் படத்துக்கு ஏற்பட்ட காயம்.

இந்தக் காயம் எப்படி உண்டாகிறது, எப்படி ஆற்றுவது, ஏன் ஆற்ற வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இந்தக் கட்டுரை. பயந்துவிடாதீர்கள், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

1. பெயரிலேயே ஒரு புதிர்

படத்தைக் கூர்மையாக்கும் கருவிகளில் மிகப் பிரபலமானதன் பெயர் 'அன்ஷார்ப் மாஸ்க்'. ஷார்ப் ஆக்குகிற கருவிக்கு 'அன்ஷார்ப்' என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

இந்தப் பெயர் கம்ப்யூட்டருக்கு முந்தியது. ஃபிலிம் காலத்து டார்க் ரூமில் பிறந்தது. ஒரு நெகடிவிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலான பாசிடிவ் நகல் ஒன்றைத் தயாரிப்பார்கள். அந்த மங்கல் நகலையும் அசல் நெகடிவையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பிரிண்ட் போடுவார்கள். பெரிய பெரிய வெளிச்சப் பகுதிகள் ஒன்றையொன்று ஓரளவு ரத்து செய்துகொள்ளும். விளிம்புகள் மட்டும் ரத்தாகாமல் எடுப்பாகத் தெரியும். மங்கலான நகல்தான் மாஸ்க், அதனால் 'அன்ஷார்ப் மாஸ்க்'. கம்ப்யூட்டரும் இதே வேலையைத்தான் எண்களை வைத்துச் செய்கிறது.

இதிலிருந்து முதல் பாடம்: ஷார்ப்பன் செய்வதால் படத்துக்குள் புதிய தகவல் எதுவும் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் விளிம்பின் இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாகிறது, வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகிறது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

2. ஒரு சின்னக் கணக்கு

வானத்தின் பின்னணியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கிறது. அதன் முதுகையும் வானத்தையும் குறுக்காக வெட்டும் ஒரே ஒரு வரிசைப் பிக்செல்களை எடுத்துக்கொள்வோம். கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. குருவி 60, வானம் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அசல்: 60, 60, 60, 60 | 150, 150, 150, 150

ஒவ்வொரு பிக்செலையும் அதன் இரண்டு பக்கத்து அண்டைக்காரர்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் மங்கல் நகல் கிடைக்கும்.

மங்கல்: 60, 60, 60, 90 | 120, 150, 150, 150

அசலிலிருந்து மங்கலைக் கழித்தால் மிஞ்சுவது விளிம்பு மட்டும்.

வித்தியாசம்: 0, 0, 0, −30 | +30, 0, 0, 0

இந்த வித்தியாசத்தை அசலோடு கூட்டுவதுதான் ஷார்ப்பனிங். எவ்வளவு கூட்டுகிறோம் என்பதே 'அமவுண்ட்'.

100 சதவீதம்: 60, 60, 60, 30 | 180, 150, 150, 150
200 சதவீதம்: 60, 60, 60, 0 | 210, 150, 150, 150

150 ஆக இருந்த வானத்தின் ஓரத்தில் 210 வந்து உட்கார்ந்துவிட்டது பார்த்தீர்களா? அதுதான் குருவியைச் சுற்றித் தெரிகிற வெள்ளைக் கோடு. 'ஹாலோ' என்று சொல்வார்கள். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைகிற ஒளிவட்டம் மாதிரி. குருவியின் பக்கத்திலோ 60 என்பது 0 ஆகிவிட்டது. அதற்குக் கீழே போக இடமில்லை. அமவுண்ட்டை 300-க்கு ஏற்றினால் கணக்குப்படி −30 வரவேண்டும், ஆனால் ஃபைலில் 0 என்றுதான் பதிவாகும். அந்த இடத்தில் இருந்த நுட்பமான கறுப்பு வேறுபாடுகள் எல்லாம் ஒரே 0-வில் கரைந்துபோகும். அதன்பிறகு அந்த ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை மீட்கவே முடியாது.

இனி வானத்து மணலைப் பார்ப்போம். குறைந்த வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றி எடுத்தால் ஒரே நிறமான வானத்திலும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும். உதாரணம்: 150, 150, 153, 150, 150. கண்ணுக்கே தெரியாத வித்தியாசம், வெறும் 3. இதை 200 சதவீதம் ஷார்ப்பன் செய்தால் நடுப் பிக்செல் 157 ஆகும், அதன் அண்டைப் பிக்செல்கள் 148 ஆகும். வித்தியாசம் 9. மூன்று மடங்கு! குருவிக்காகத் தள்ளிய ஸ்லைடர் வானத்தையும் கெடுத்துவிட்டது.

இதைத் தடுக்கத்தான் 'த்ரெஷோல்ட்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அசலுக்கும் மங்கலுக்கும் வித்தியாசம் இவ்வளவுக்குக் கீழே இருந்தால் தொடாதே என்று கம்ப்யூட்டருக்கு இடுகிற கட்டளை அது. மேற்சொன்ன வானத்தில் அதிகபட்ச வித்தியாசம் 2. எனவே த்ரெஷோல்ட் 3 என்று வைத்தால் வானம் தப்பிக்கும், 30 வித்தியாசமுள்ள குருவியின் விளிம்பு மட்டும் ஷார்ப் ஆகும். 'ரேடியஸ்' என்பது மங்கல் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதற்கான அளவு. ரேடியஸ் கூடினால் வெள்ளைக் கோடும் தடிமனாகும். இறகு போன்ற மெல்லிய சங்கதிகளுக்கு ரேடியஸ் 1-ஐத் தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

3. லேபில் நாம் பார்த்ததுதான்

நம்ம டிபார்ட்மெண்ட் ஆட்களுக்கு இது புதுசு இல்லை. சி.ஆர்.ஓ.-வில் புரோப் காம்பன்சேஷன் செய்வோமே, நினைவிருக்கிறதா? சதுர அலையை உள்ளே கொடுத்து புரோபில் உள்ள டிரிம்மரைத் திருகுவோம். குறைவாக இருந்தால் அலையின் மூலை மழுங்கும். கூடிவிட்டால் மூலையில் ஒரு கொம்பு முளைக்கும். நாம் எங்கே நிறுத்துவோம்? மேல்பகுதி சமமாக, மூலை சதுரமாக வருகிற இடத்தில்.

மங்கலான படம் மழுங்கிய மூலை. ஹாலோ விழுந்த படம் கொம்பு முளைத்த மூலை. கொம்பைப் பார்த்து "ஆகா, சிக்னல் ரொம்ப ஷார்ப்பா இருக்கு சார்!" என்று நம்மில் யாராவது ரிக்கார்டு நோட்டில் எழுதுவோமா? படத்தில் மட்டும் ஏன் அதைக் கொண்டாட வேண்டும்?

கண்ணும் நம்மை ஏமாற்றும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில், இல்லாத ஒரு பளிச்சென்ற பட்டையையும் ஒரு கரும்பட்டையையும் கண் தானாகவே உண்டாக்கிக் காட்டுகிறது. எர்ன்ஸ்ட் மாக் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1865-இல் இதை விவரித்தார், அவர் பெயராலேயே 'மாக் பட்டைகள்' என்று அழைக்கிறார்கள். நம் கண்ணுக்குள்ளேயே ஒரு ஷார்ப்பனிங் சர்க்யூட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். தவிர, ஸ்லைடரைத் தள்ளத் தள்ளக் கண் அதற்குப் பழகி, 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கும். குழம்பில் உப்பை ருசி பார்த்துப் பார்த்துக் கூட்டுகிற கதைதான். எடிட் செய்த படத்தை உடனே அனுப்பாமல், ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். தப்பு தானாகத் தெரியும்.

4. நோயைக் கண்டுபிடிப்பது

படத்தை 100 சதவீத அளவில் திறந்து கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கவும். முதலில் பார்க்க வேண்டியது பறவையை அல்ல, பின்னணியை!

(அ) பின்னணி: வானமும் தூரத்துப் பச்சையும் வழவழப்பாக இருக்க வேண்டும். மணல்போல் இருந்தால் மிகைக் கூர்மை.

(ஆ) வெளிவிளிம்பு: முதுகு, வால், அலகு ஆகியவற்றின் ஓரத்தில் வெள்ளை அல்லது கறுப்புக் கோடு ஓடுகிறதா? பறவையைவிடப் பின்னணி வெளிச்சமாக இருந்தால் பின்னணியில் வெள்ளைக் கோடு விழும். கொக்கு மாதிரி வெள்ளைப் பறவை இருட்டுப் பின்னணியில் இருந்தால் சுற்றிலும் கரும்கோடு விழும்.

(இ) கண்: கண்ணில் விழும் ஒளிப்புள்ளி மென்மையாக இருக்க வேண்டும். குத்தி வைத்த ஊசித்துளை போலவோ, சுற்றிலும் கறுப்பு வளையத்தோடோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

(ஈ) சாய்வான கிளை: பறவை உட்கார்ந்திருக்கும் கிளையின் ஓரம் படிக்கட்டுபோல் உடைந்து தெரிகிறதா?

(உ) வயிறும் தொடையும்: இங்கே இழைகள் தனித்தனிக் கம்பிகளாகத் தெரிந்தால் அது நிச்சயம் செயற்கை. காரணம் பின்னால் வருகிறது.

5. நோய் எங்கிருந்து வருகிறது?

ஒரே ஒரு தடவை ஷார்ப்பன் செய்தால் இவ்வளவு மோசமாகாது. நமக்குத் தெரியாமலேயே நாலு இடத்தில் நடக்கிறது. கேமரா ஜேபெக் படமாகச் சேமிக்கும்போதே உள்ளுக்குள் ஒரு முறை ஷார்ப்பன் செய்துவிடும். செல்ஃபோன் இன்னும் தாராளம். அப்புறம் எடிட்டிங் சாஃப்ட்வேரில் நாம் ஷார்ப்னஸை ஏற்றுகிறோம். அதோடு 'கிளாரிட்டி', 'டெக்ஸ்சர்', 'டீஹேஸ்' ஆகியவையும் வேறு வேறு அளவுகளில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுகிற சமாச்சாரங்கள்தான், ஷார்ப்னஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது 'அவுட்புட் ஷார்ப்பனிங்' என்று இன்னொன்று. ஆக, ஒரே விளிம்பில் நாலு முறை கொம்பு முளைக்கிறது.

பறவைப் படத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. பறவை தூரத்தில் இருக்கும். 6000-க்கு 4000 பிக்செல் படத்தில் பறவை 800 பிக்செல்தான் இருக்கும். அதை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்குகிறோம். மங்கல் தெரிகிறது, உடனே ஸ்லைடர். இல்லாத விவரத்தைக் கேட்டால் கம்ப்யூட்டர் கம்பியைத்தான் கொடுக்கும்.

6. சிகிச்சை

பலரும் செய்கிற முதல் வேலை, மிகையாகிப்போன படத்தின் மேல் கொஞ்சம் பிளர் கொடுப்பது. ஷார்ப்னஸுக்கு எதிர்ப்பதம் பிளர்தானே என்கிற எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 200 சதவீத வரிசையை எடுத்து மறுபடி சராசரி எடுத்தால்:

60, 60, 40, 90 | 120, 170, 150, 150

கோடு போய்விட்டதா? இல்லை! குருவிப் பக்கம் 60-க்குப் பதில் 40, வானத்தில் 150-க்குப் பதில் 170. ஹாலோ கொஞ்சம் வெளிறி, ஒரு பிக்செல் தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறது. நடு விளிம்போ மழுங்கிவிட்டது. நோயும் தீரவில்லை, ஆளும் மெலிந்துபோனான். ஆகவே, பிளர் மருந்தல்ல. சரியான சிகிச்சை உங்கள் கையில் எந்த ஃபைல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதல் நிலை – ரா ஃபைல் இருந்தால்: அதிர்ஷ்டசாலி நீங்கள். ரா ஃபைலில் கேமராவின் ஷார்ப்னஸ் செட்டிங் நிரந்தரமாகப் பதிவதில்லை. டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவச சாஃப்ட்வேர்கள், லைட்ரூம் இருந்தாலும் சரி. ஷார்ப்பனிங், கிளாரிட்டி, டெக்ஸ்சர் எல்லாவற்றையும் 0-வில் வைத்து ஆரம்பியுங்கள். பிறகு ரேடியஸ் 0.8 அல்லது 1, அமவுண்ட்டைக் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். பின்னணியில் மணல் தலைகாட்டும்போது நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்குங்கள். லைட்ரூமில் 'மாஸ்கிங்' ஸ்லைடரை ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடம் மட்டுமே ஷார்ப் ஆகும். வானம் முழுக்கக் கறுப்பாகும்வரை நகர்த்துங்கள். ரா தெரபியில் ஹாலோவைக் கட்டுப்படுத்தவே தனி வசதி இருக்கிறது.

இரண்டாம் நிலை – ஷார்ப்பன் செய்யாத அசல் ஜேபெக் இருந்தால்: கிம்ப் சாஃப்ட்வேரில் அசலைத் திறந்து, மிகைப்பட்ட படத்தை அதன் மேல் இன்னொரு லேயராக வையுங்கள். இரண்டும் ஒரே அளவாக, ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்த வேண்டும். மேல் லேயரின் 'ஒபாசிட்டி'யை 50-க்குக் குறையுங்கள். கணக்கு என்ன சொல்கிறது? 0-வுக்கும் 60-க்கும் நடுவில் 30. 210-க்கும் 150-க்கும் நடுவில் 180. அட, இது அப்படியே 100 சதவீத வரிசை! அசலோடு கலப்பது என்பது அமவுண்ட்டைப் பின்னோக்கித் திருப்புவதற்குச் சமம். விளிம்பு மழுங்கவே இல்லை. (0-விலோ 255-இலோ முட்டி நின்ற இடங்களுக்கு மட்டும் இந்தச் சமம் முழுசாகப் பொருந்தாது.)

அடுத்து மேல் லேயருக்கு ஒரு 'லேயர் மாஸ்க்' சேர்த்து, வானத்தின் மேல் கறுப்புப் பிரஷ், வயிற்றின் மேல் சாம்பல் பிரஷ் அடியுங்கள். கண்ணும் அலகும் வெள்ளையாகவே இருக்கட்டும். கறுப்பு அடித்த இடத்தில் அசல் தெரியும், சாம்பலில் பாதிப் பாதி.

மூன்றாம் நிலை – கெட்டுப்போன ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதென்றால்: இதுதான் கஷ்டமான கேஸ். இங்கே கைகொடுப்பது 'மீடியன்' ஃபில்டர். சராசரிக்குப் பதிலாக, பிக்செலையும் அண்டைக்காரர்களையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுக்கும். 200 சதவீத வரிசைக்குப் போட்டுப் பாருங்கள்: 60, 60, 0 என்றால் நடு எண் 60. அடுத்து 60, 0, 210 என்றால் 60. அடுத்து 0, 210, 150 என்றால் 150. முடிவு:

60, 60, 60, 60 | 150, 150, 150, 150

அசலே திரும்பிவிட்டது! ஆனால் குதிக்காதீர்கள். ஒரு பிக்செல் அகலமுள்ள உண்மையான இறகுக் கோட்டையும் மீடியன் விழுங்கிவிடும். 150, 150, 60, 150, 150 என்று இருந்தால் நடுவிலுள்ள 60 காணாமலே போகும். அதனால் வேலையை இப்படிப் பிரித்துச் செய்ய வேண்டும்:

1. லேயரை நகலெடுத்து, அதற்கு ரேடியஸ் 1-இல் மீடியன் பிளர் கொடுக்கவும்.

2. முழுக் கறுப்பு மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு, வெளிவிளிம்பிலும் பின்னணியிலும் மட்டும் மென்மையான வெள்ளைப் பிரஷால் வெளிக்கொண்டு வரவும். உடம்பு இறகுகளின் பக்கம் போகாதீர்கள்.

3. தடிமனான வெள்ளைக் கோடு இன்னும் மிஞ்சியிருந்தால், குளோன் கருவியை 'டார்க்கன் ஒன்லி' முறைக்கு மாற்றி, பக்கத்து வானத்திலிருந்து சாம்பிள் எடுத்துக் கோட்டின் மேல் தடவவும். வானம் 150 என்றால் அதைவிட வெளிச்சமான 210 மட்டும் 150-க்கு இறங்கும். அதைவிட இருட்டான குருவியின் மேல் பிரஷ் தவறிப் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கொக்கைச் சுற்றிய கரும்கோட்டுக்கு 'லைட்டன் ஒன்லி'.

4. விளிம்பிலிருந்து தள்ளியிருக்கும் வெறும் வானத்துக்குச் சாதாரண பிளர் கொடுக்கலாம். அங்கே கெடுவதற்கு விளிம்பு இல்லை. பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டால் மிக லேசாக நாய்ஸ் சேர்த்தால் இயல்பாகிவிடும்.

5. கடைசியாகப் படத்தின் அளவைக் குறைக்கவும். நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் 4 பிக்செல் அகலக் கோடு 1 பிக்செலாகிவிடும். பெரிய படமாகக் காட்ட முடியாத படத்தைச் சின்னப் படமாகக் காட்டுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

7. எங்கே கூர்மை, எங்கே மென்மை?

இதற்கு விடை சாஃப்ட்வேரில் இல்லை, இறகில் இருக்கிறது. இறகின் நடுவே ஒரு தண்டு. அதன் இருபுறமும் கிளை இழைகள். ஒவ்வொரு கிளை இழையிலும் நுண்ணிழைகள். சிறகிலும் வாலிலும் உள்ள இறகுகளில் இந்த நுண்ணிழைகளுக்குக் குட்டிக் கொக்கிகள் உண்டு. பக்கத்து இழையோடு கோத்துக்கொண்டு ஒரே தகடுபோல் நிற்கும். அதனால்தான் சிறகு இறகின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கிறது. அங்கே கூர்மை நியாயம்.

உடம்போடு ஒட்டிய தூவிகளில் கொக்கிகள் கிடையாது. இழைகள் கட்டுக்கடங்காமல் பஞ்சுபோல் பரவிக் காற்றைப் பிடித்துவைத்து உடம்புச் சூட்டைக் காக்கின்றன. வயிறு, விலா, தொடைப் பக்கம் பார்க்க மென்மையாக இருப்பது லென்ஸின் குறை அல்ல, பறவையின் குணம். அங்கே கம்பி கம்பியாகத் தெரிந்தால் பறவையைப் பற்றிப் பொய் சொல்கிறோம் என்று அர்த்தம்.

பறவைக்குப் பறவையும் மாறும். ஆந்தையின் சிறகு மேற்பரப்பு வெல்வெட் மாதிரி, ஓரங்களில் குஞ்சம்போன்ற இழைகள். சத்தமில்லாமல் பறப்பதன் ரகசியமே அந்த மென்மைதான். அதை ஷார்ப்பன் செய்து கெடுக்கலாமா? இனப்பெருக்கக் காலத்தில் கொக்குகளின் முதுகில் வளரும் மெல்லிய அலங்கார இறகுகள் புகைபோல இழையும். ஸ்லைடரைத் தள்ளினால் துடைப்பக் குச்சி. மீன்கொத்தியின் அலகும் கழுகின் கண்ணும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பொதுவிதி: கண், அலகு, முகம் ஆகியவற்றுக்கு முழு அளவு. சிறகுக்கு முக்கால். மார்புக்குப் பாதி. வயிற்றுக்குக் கால். பின்னணிக்குப் பூஜ்யம்.

8. ஏன் இவ்வளவு அக்கறை?

"அழகுக்காக எடுக்கிற படம்தானே, இதுக்கு ஏன்ப்பா இவ்வளவு ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். பறவைப் படம் இன்று அழகுப் பொருள் மட்டும் அல்ல, அது சாட்சி. 2002-இல் தொடங்கிய ஈபேர்டு போன்ற தளங்களில் உலகெங்கும் சாதாரண ஆட்கள் தாங்கள் பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிறார்கள். அபூர்வமான பறவை என்றால் படத்தைப் பார்த்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

கடற்கரையில் ஓடித் திரியும் உப்புக்கொத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பட்டாணி உப்புக்கொத்திக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டு, கெண்டிஷ் உப்புக்கொத்திக்கு அது கிடையாது. கறுப்புக் கண்ணின் ஓரத்தில் ஹாலோ விழுந்தால் இல்லாத ஒரு வெளிறிய வளையம் முளைக்கும். அதேபோல், கரையோரப் பறவைகள் பலவற்றில் இளம் பறவைகளின் முதுகு இறகுகளுக்கு வெளிறிய ஓரம் இருக்கும், செதில் செதிலாகத் தெரியும். வளர்ந்த பறவையின் படத்தை மிகையாக ஷார்ப்பன் செய்தால் அதற்கும் அதே செதில் வந்துவிடும். வயதே மாறிப்போகும்!

இன்னும் ஒன்று. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். எழுத்தும் எண்ணும் பொறித்த கொடி கட்டிய பறவையை எங்கோ ஒருவர் படமெடுத்து, அந்த எழுத்தைப் படித்துச் சொன்னால் அந்தப் பறவையின் பயணப் பாதையில் ஒரு புள்ளி கிடைக்கிறது. மங்கலான 3-ஐ ஷார்ப்பன் செய்து செய்து 8 ஆக்கிவிட்டால்? வேறொரு பறவையின் கணக்கில் போய் விழும். 'தெளிவில்லை' என்று நேர்மையாகச் சொல்கிற மங்கல் படம், தைரியமாகப் பொய் சொல்கிற ஷார்ப் படத்தைவிட எத்தனையோ மேல்.

நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் இதே பாடம்தான். மெக்கானிக்கல் நண்பர்கள் வெல்டிங் எக்ஸ்ரே பார்க்கப் போகிறார்கள். வெல்டின் ஓரத்தில் கருங்கோடு தெரிந்தால் அது 'அண்டர்கட்' குறையாக இருக்கலாம். டிஜிட்டல் படத்தை யாராவது மிகையாக ஷார்ப்பன் செய்திருந்தால் நல்ல வெல்டின் ஓரத்திலும் கருங்கோடு விழக்கூடும். நல்ல வேலையைத் தள்ளிவிடவும் கூடாது, கெட்டதை விட்டுவிடவும் கூடாது. படத்தில் தெரிவது பொருளின் குணமா, ஃபில்டரின் குணமா என்று கேட்கத் தெரிந்தவனே டெக்னீஷியன்.

9. சில சந்தேகங்கள்

கே: ஃபோகஸ் தவறிய படத்தை ஷார்ப்பன் செய்து காப்பாற்ற முடியாதா?
ப: லேசாகத் தவறியிருந்தால் சின்ன அளவில் காட்டித் தப்பிக்கலாம். முழுசாகத் தவறியிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வழி.

கே: செயற்கை நுண்ணறிவு சாஃப்ட்வேர்கள் இறகை அப்படியே கொண்டுவந்து விடுகின்றனவே?
ப: அவை ஏராளமான படங்களில் பயின்று, இங்கே இப்படி இருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. வரைந்த இறகு அந்தப் பறவையுடையது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுவரில் மாட்டுவதற்குச் செய்துகொள்ளுங்கள். பதிவுக்கும் அடையாளம் காண்பதற்கும் வேண்டாம். இயற்கைப் படப் போட்டிகள் பலவற்றில் இறுதிச் சுற்றுக்கு ரா ஃபைலையே கேட்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கே: அச்சுக்குக் கொடுக்கும் படத்துக்கும் இதே அளவா?
ப: இல்லை. மை பேப்பரில் கொஞ்சம் பரவும். அதனால் அச்சுக்குச் சற்றே கூடுதல் ஷார்ப்னஸ் தேவை. ஏ-4 பக்கம் முழுக்க 300 டி.பி.ஐ.-யில் வேண்டுமென்றால் 2480-க்கு 3508 பிக்செல். முதலில் அந்த அளவுக்கு மாற்றிவிட்டு, கடைசி வேலையாக ஷார்ப்பன் செய்து தனி நகலாகச் சேமியுங்கள். அசலின் மேல் மட்டும் ஒருபோதும் 'சேவ்' கொடுக்காதீர்கள்.

கே: செல்ஃபோனில் எடுத்தால்?
ப: ரா வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஃபோன் ஏற்கெனவே ஷார்ப்பன் செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எடிட்டிங்கில் ஸ்லைடரைத் தொடாதீர்கள்.

செய்முறைப் பயிற்சி

உங்களிடம் உள்ள பறவைப் படங்களில் ஒன்றை எடுத்து மூன்று நகல் செய்யுங்கள். ஒன்று அப்படியே, ஒன்று ஆசை தீர ஷார்ப்பன் செய்தது, ஒன்று மேலே சொன்ன விதிப்படி கண்ணுக்கு முழுசும் வயிற்றுக்குக் காலுமாகச் செய்தது. பெயர் எழுதாமல் ரூம் நண்பர்களிடம் காட்டி, 'எந்தப் பறவையைக் கையில் தூக்கிப் பார்க்கலாம் போல இருக்கிறது?' என்று கேளுங்கள். 'எது ஷார்ப்?' என்று மட்டும் கேட்காதீர்கள், இரண்டாவதைக் காட்டிவிடுவார்கள்! விடைகளைக் குறித்துக்கொண்டு, மூன்றையும் 100 சதவீத அளவில் வைத்து நாலாம் பகுதியில் உள்ள ஐந்து சோதனைகளையும் செய்யுங்கள்.

விடியற்காலையில் எழுந்து, சேற்றில் கால் வைத்து, கொசுக்கடி பட்டு எடுத்த படம் உங்களுடையது. அந்தப் பறவை எப்படி இருந்ததோ அப்படியே, அதன் பஞ்சு வயிறோடு சேர்த்து, ஊருக்குக் காட்டுங்கள்.